பட்டனில் இரண்டு தட்டு

ஜூன் 9

மாமாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு வரவில்லை. உங்கள் நலம் அக்கா மூலம் தெரிகிறது. என் நலம் உங்களுக்கு இப்போது வேண்டாம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நீங்களும் நானும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் வைத்தோம். ரேடியோவில் இரண்டு பேர் சேர்ந்து பட்டனை அழுத்தினால் கேட்கிறவன் காதில் கீச்சென்று ஒரு சத்தம்தான் விழும், இருவர் சொன்னதும் போய்ச் சேராது. நம் போனிலும் அதுதான் நடந்தது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. இந்தக் கடிதமே நீங்கள் குறுக்கே வந்ததைப் பற்றித்தான்.

விசாரணைக் குழு என்னிடம் வாக்குமூலம் கேட்டிருக்கிறது. அதற்கு முன் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அன்று நான் பார்த்தபடி நடந்ததை முதலில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

நீங்கள் ரன்வேயின் ஓரத்தில், ஏறுவதற்குத் தயாராக நின்றீர்கள். ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது உங்களைக் கடந்ததும் ரன்வேயில் ஏறி நில்லுங்கள் என்று டவரிலிருந்து சொன்னேன். நீங்கள் ஓர் எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னீர்கள். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் பார்த்தால், அடுத்து இறங்க வந்த விமானம் நான் போட்ட கணக்கைவிட நெருங்கிவிட்டது. உங்களை ஏற்றினால் இடம் போதாது. உடனே, முன்பு சொன்னது ரத்து, ஏறாதீர்கள், அங்கேயே நில்லுங்கள் என்றேன். பதிலுக்கு டக் டக் என்று இரண்டு தட்டு வந்தது. பேச்சு எதுவும் இல்லை. மைக் பட்டனை இரண்டு முறை தட்டிய சத்தம் மட்டும்.

அது உங்கள் தட்டு. இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் டவரில் தனியாக உட்கார்ந்த முதல் நாளில் தொடங்கிவைத்ததே நீங்கள்தான். புறப்பட்டு மேலே போய், அடுத்த அலைவரிசைக்கு மாறும் முன்னால், ஒன்றும் பேசாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனீர்கள். பிறகு வீட்டில் கேட்டேன். "ரேடியோல என்ன மாப்ளே, நல்லா இருக்கியா, சாப்டியான்னு கேக்க முடியுமா? உன் தலைமை அதிகாரி என் தலையை எடுத்துடுவாரு. தட்டினா யாருக்குத் தெரியப் போகுது" என்றீர்கள். விமானிகள் பல பேர் 'சரி' என்பதற்கும் 'நன்றி' என்பதற்கும் இப்படித் தட்டுகிறவர்கள்தான். விதியில் இல்லாத பழக்கம். ஆனால் உங்கள் தட்டு எனக்குத் தெரியும்.

தட்டிவிட்டு நீங்கள் ரன்வேயில் ஏறினீர்கள். இறங்க வந்தவர் உங்களைப் பார்த்துக் கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கி மேலே போனார். அந்த விமானத்தில், சீட்டை விட்டு எழுந்த ஒரு பயணியை உட்கார வைக்கப் போன பணிப்பெண் விழுந்ததில் அவளுக்கு முதுகெலும்பு உடைந்தது.

என் கேள்வி இதுதான். நில் என்றது கேட்டும் ஏன் ஏறினீர்கள்?

இப்படிக்கு,
டவரிலிருந்து இறக்கப்பட்டு, ஸ்டோர் ரூமில் பழைய ரேடியோக்களுக்கு அட்டை கட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சினன்


ஜூன் 14

டவர் மாப்பிள்ளைக்கு,

கவரின் மேல் என் பெயருக்கு முன்னால் கேப்டன் என்று போட்டிருந்தாய். அது இன்னும் எத்தனை நாளைக்கோ தெரியாது. அதனால் கவரை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

தப்பு இருந்தால் திருத்தச் சொன்னாய். ஒன்று இருக்கிறது. நான் தட்டவில்லை.

நீ நில் என்று சொன்னதே என் காதில் விழவில்லை. ரன்வே ஓரத்தில் நிற்கும்போது எங்கள் கம்பெனி இன்னொரு ரேடியோவில் கூப்பிட்டது. போய் இறங்குகிற இடத்தில் விமானத்தை நிறுத்த இடம் இல்லை, அங்கே சுற்ற வேண்டியிருக்கும், எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே புலம்பல். அதைக் கேட்பதற்காக டவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன். பக்கத்தில் துணை விமானி புறப்பாட்டுக்கு முந்தைய பட்டியலைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக் குறைத்தது என் தப்பு. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன். ஆனால் காதில் விழாத பேச்சுக்கு நான் எப்படியடா தட்டுவேன்? கடைசியாக நீ எனக்குச் சொன்னது ஏறு என்பது. ஏறினேன்.

ரத்து செய்தால், அதை நான் என் விமான எண்ணோடு திருப்பிச் சொல்லும்வரை விடாமல் கேட்க வேண்டியது உன் வேலை. பெயர் இல்லாத, எண் இல்லாத ஒரு சத்தம் வந்தது. அதற்கு நீயாக என் பெயரை வைத்தாய்.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை பட்டை போட்டு, மரக்கட்டை மாதிரி படுக்க வைத்திருக்கிறார்கள். தலையைத் திருப்ப முடியாது. அதனால் நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டேன்.

"யாரு சார் குறுக்கே வந்தது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

"உங்களை நிக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்களாம். எனக்குக் கேக்கல."

"சொன்னவர் யாரு? அவர் வரலையா?" என்றாள்.

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் நீ போய்ச் சொல்.

உன் வாக்குமூலத்தில் என்ன வேண்டுமானாலும் எழுது. ஆனால் நடந்ததை எழுது, உனக்குத் தோன்றியதை எழுதாதே.

உன் அக்கா பக்கத்தில் நின்று, "அவன் ஒழுங்கா சாப்டறானான்னு கேளுங்க" என்கிறாள். கேட்டுவிட்டேன். பதிலை அவளுக்கு எழுது.

மாமா


ஜூன் 17

மாமாவுக்கு,

வாக்குமூலம் கொடுத்தாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள்.

விசாரிக்கும் அதிகாரிக்கு ஒரு பழக்கம். கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பதில் வந்ததும் மாட்டிக்கொள்வார். பதில் சொல்கிறவன் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. டேப்பை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு தட்டும் தெளிவாக இருக்கிறது.

"இந்த விமானி இதுக்கு முன்னாடி உங்களுக்கு இப்படித் தட்டிப் பதில் சொன்னது உண்டா?" என்று கேட்டுவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

"உண்டு" என்றேன்.

"எப்பவோ ஒரு தடவையா?"

"நிறைய தடவை."

"சமீபத்துல?"

"இந்த வருஷமும் உண்டு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நீங்கள் சொன்னபடி நடந்ததைத்தான் சொன்னேன். நீங்கள் என் அக்கா புருஷன் என்பதையும் சொன்னேன். அதையும் அவரே கேட்டார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் பொய் சொல்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களே எத்தனையோ தடவை, இவனுக்கு நாக்குல எலும்பு இல்லை, நரம்பும் இல்லை, நேரா உள்ள இருக்கறது வெளிய வந்துடும் என்று சிரித்திருக்கிறீர்கள்.

இப்போது என் முறை. உங்கள் காக்பிட்டில் பேசுவது, தட்டுவது எல்லாம் பதிவாகும் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுக் கேட்டிருந்தால் தட்டியது நீங்களா இல்லையா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பெட்டி பழசின் மேலேயே புதுசை எழுதிக்கொண்டு போகும் என்பது எனக்கும் தெரியும். நடந்த பிறகு நீங்கள் ஒன்றும் ஆகாதது போல் புறப்பட்டு மூன்று மணி நேரம் பறந்தீர்கள். இறங்கும்போது அந்த நிமிஷம் அழிந்துவிட்டது. பறக்காமல் திரும்பி வந்திருக்கலாம். பெட்டியை நிறுத்தியாவது இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத விஷயமா இது?

நான் தட்டவில்லை என்கிறவர், தட்டவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை ஏன் அழியவிட்டார்? இதை நான் விசாரணையில் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

மச்சினன்


ஜூலை 20

மாப்பிள்ளைக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெட்டியை ஏன் நிறுத்தவில்லை என்றால், பயப்படுகிறவன்தான் அதை நிறுத்தியிருப்பான். ரன்வேயிலிருந்து என்னை வெளியே வரச் சொன்னாய், வந்தேன். பத்து நிமிஷம் கழித்து நீயே புறப்படு என்றாய், புறப்பட்டேன். உன் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. பயல் கணக்குத் தப்பிவிட்டான், அடுத்தவரை மேலே அனுப்பிச் சமாளித்துவிட்டான் என்று நினைத்தேன். நமக்குள் இருக்கட்டும், அடுத்த முறை பார்க்கும்போது தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு பெண் விழுந்தது எனக்கு இறங்கின பிறகுதான் தெரியும். நீ என் தலையில் தூக்கி வைப்பாய் என்பது அப்போதும் தெரியாது.

முடிவு வந்துவிட்டது. நில் என்ற உத்தரவைக் கேட்டு, ஒப்புக்கொண்டு, அதன் பின்னும் மீறினேன் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டேன் என்பதற்குச் சாட்சி அந்தத் தட்டு. தட்டியது நான் என்பதற்குச் சாட்சி நீ. கேப்டன் பதவி போயிற்று. இப்போதைக்குத் துணை விமானி உட்காரும் வலது சீட்டு. ஆகஸ்ட் கடைசியில் மேல்முறையீடு கேட்பார்கள். அதிலும் இதே முடிவு என்றால் சாகும்வரை வலது சீட்டுதான். போன வாரம் என் இடது பக்கத்தில் உட்கார்ந்தவன் நான் பயிற்சி கொடுத்த பையன். எனக்கு வலிக்கக் கூடாது என்று அவன் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டான்.

நீ பொய் சொல்லவில்லை என்கிறாய். இந்த வருஷமும் உண்டு என்று சொன்னாயே, அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

போன வருஷம் குட்டியின் பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின நாள் சிமுலேட்டர் தேர்வில் எனக்குத் தவறிவிட்டது. இஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று தரையில் இருக்கும் பொய் விமானத்தில் உட்கார வைத்துப் பார்க்கிற தேர்வு. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. உன் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், தம்பியாயிற்றே. கேக் வெட்டும்போது என் கம்பெனி ஆட்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். நீ தட்டை நீட்டிக்கொண்டு சொன்னாய்: "மாமாவுக்குப் பெரிய துண்டா போடுக்கா. நேத்து சிமுலேட்டர்ல நூத்தம்பது பேரைக் கொன்னுட்டுக் களைச்சு வந்திருக்காரு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? குட்டி மட்டும், "நிஜமாவாப்பா?" என்று கேட்டாள்.

அன்றோடு தட்டுவதை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் உன் டவரைக் கடந்து போனபோதெல்லாம் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், விதிப்படி விடைபெற்றேன், போனேன். ஒரு தடவைகூடத் தட்டவில்லை. நீ எப்போது கவனிப்பாய், எப்போது வந்து ஏன் மாமா என்று கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்கவில்லை. நீ வீட்டுக்கு வந்தபோதெல்லாம் மாமா ஃப்ளைட்டில் போயிருக்கிறார் என்று உன் அக்கா சொல்லியிருப்பாள். பாதி தடவை நான் மாடியில்தான் இருந்தேன்.

இந்த ஒரு வருஷமாக உனக்கு யார் யாரோ தட்டியிருக்கிறார்கள். யாருக்கோ நன்றி, யாருக்கோ சரி. அதையெல்லாம் நீ என் கணக்கில் எழுதிக்கொண்டாய். பரவாயில்லை, நீ அதை விசாரணையில் சொல்லும்வரை எனக்கு அதில் நஷ்டம் இல்லை.

மாமா


ஜூலை 28

மாமாவுக்கு,

ஒரு ஜோக்குக்காக ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள் என்றால் அதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். ரேடியோவில் பேசாமல் இருந்து ஒருத்தனுக்கு எப்படி விஷயத்தைத் தெரிவிக்க முடியும்? பேசாதது எந்த அலைவரிசையிலும் வராது. நீங்கள் கோபமாக இருந்தீர்கள், நான் போலீஸ் நாய் இல்லை, அதை மோப்பம் பிடிப்பதற்கு.

அதுவும் தவிர, நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. எனக்குக் காது இருக்கிறது. ஒரு வருஷமாக மாதத்துக்கு ஏழெட்டு தடவையாவது நீங்கள் போன பின்னால் தட்டுச் சத்தம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள், சரி மாமா போய்ட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன். அத்தனையும் வேறு யாரோ என்கிறீர்கள்.

சொல்லிக்கொண்டே போவதில் பயனில்லை. அளந்து பார்க்கக்கூடிய விஷயத்துக்கு நாம் ஏன் சண்டை போட வேண்டும்? அன்றைய டேப்பின் பிரதி ஒன்றை எழுதிக் கேட்டிருக்கிறேன். ஸ்டோரில் என்னைச் சுற்றி ஐம்பது ரேடியோ இருக்கிறது, அளக்கிற கருவியும் இருக்கிறது. ஒவ்வொரு விமானத்தின் ரேடியோவுக்கும் ஒரு குணம் உண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் இருமல் வேறாக இருப்பது போல. அந்தத் தட்டு உங்கள் ரேடியோவிலிருந்துதான் வந்தது என்று காட்டுகிறேன். காட்டிய பிறகு நாம் இரண்டு பேரும் அக்காவை நிம்மதியாக விடலாம். அவள் போனில் என்னிடம் பேசும்போது, நீங்கள் அறைக்குள் வந்தால் பேச்சை மாற்றுகிறாள். பால்காரனிடம் பேசுவது போல என்னிடம் பேசுகிறாள்.

மச்சினன்


ஆகஸ்ட் 6

மாமாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. டேப் வந்தது.

கேட்டேன். வாக்குமூலம் கொடுத்த அன்றும் இதே டேப்பைத்தான் கேட்டேன். அன்று நான் கேட்டது என் குரலை மட்டும்தான். தெளிவாகச் சொன்னேனா, சொல் சரியா, வேகம் சரியா என்று மட்டும். என் குரல் முடிந்ததும் என் காதும் மூடிக்கொண்டுவிட்டது. அதற்குப் பின்னால் வந்தது என்ன என்று எனக்குத்தான் தெரியுமே.

இந்தத் தடவை நான் பேசிய இடங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, மற்றவர்களை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டேன்.

அன்று பார்க்கிங்கில் ஒரு சரக்கு விமானம் நின்றது. பழைய விமானம். ஜெனரேட்டரின் சத்தம் அதன் ரேடியோவுக்குள் புகுந்து, அதன் விமானி பேசும்போதெல்லாம் பின்னால் கொசு பாடுவது போல மெல்லிய ஒரு கீச்சு கேட்கும். எங்கள் நிலையத்தில் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை என்பது உங்களுக்குத் தெரியும். உங்களை நிற்கச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், அவரிடம், தாமதம் ஆகும், அங்கேயே காத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நானும் காத்திருக்காமல் உங்களிடம் தாவிவிட்டேன். உங்களிடம் நான் பேசி முடித்த பிறகு, அவர் தனக்குச் சொன்னதற்குச் சாவகாசமாகத் தட்டியிருக்கிறார்.

தட்டில் பேச்சு இல்லை, ஆனால் கீச்சு இருக்கிறது. முதல் தட்டில் இருக்கிறது, இரண்டாவதிலும் இருக்கிறது. உங்கள் ரேடியோ சுத்தம், அதில் கீச்சு கிடையாது. நம்பாமல் கருவியில் போட்டு வரைந்தும் பார்த்தேன். உங்கள் பேச்சின் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அவர் பேச்சின் படத்திலும் தட்டின் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே கோடு ஓடுகிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. குட்டியிடம் காட்டினால் குட்டி சொல்லிவிடுவாள்.

நீங்கள் தட்டவில்லை.

உங்களைத் தப்பு என்று காட்டத்தான் டேப்பை வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு எதற்காகவோ வாங்கினேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விசாரணைக் குழுவில் யாரும் இதைப் பார்க்கவில்லை. நான் சொன்னது அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இப்போது இதை அனுப்பினால், பெயர் தெரியாத சத்தத்தை உத்தரவுக்குப் பதிலாக எடுத்துக்கொண்டவன் நான் என்று ஆகும். இந்த வருஷமும் உண்டு என்று சொன்னது பொய்ச் சாட்சி ஆகும். டவர் லைசென்ஸ் போய்விடும், திரும்பி வராது. அனுப்பாவிட்டால் உங்கள் மேல்முறையீடு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். டவர் தலைமை அதிகாரியிடம் மறைமுகமாகக் கேட்டேன். "முடிஞ்ச ஃபைலை ஏன்டா நோண்டறே, இன்னும் ஆறு மாசத்துல உன்னை மேல ஏத்திடறேன்" என்றார்.

என்ன செய்யட்டும்? சொல்லுங்கள்.

மச்சினன்


ஆகஸ்ட் 11

மாப்பிள்ளைக்கு,

என்னை எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. சின்னப் பையன், வயசு இருக்கிறது, விடு மாப்ளே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் எழுதுவேன் என்று காத்திருக்கிறாய். நான் எப்படி எழுதினாலும் உனக்கு அதுதான் கேட்கும். உனக்கு எது வர வேண்டுமோ அதுவே வந்ததாக எடுத்துக்கொள்கிறவன் நீ.

உன் அக்கா ராத்திரி சோற்றை வைத்துவிட்டு, "அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலைங்க" என்றாள். எனக்கு ஆகியிருக்கிறது என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள். உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. நீ ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு அங்கே நிம்மதியாக இருக்கிறாய். அதை நாங்கள் இரண்டு பேரும் இங்கே சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் எந்த மயக்கமும் இல்லாதபடி சொல்கிறேன். அனுப்பு.

திருப்பிச் சொல்.

மாமா


ஆகஸ்ட் 14

மாமாவுக்கு,

அனுப்பு என்றீர்கள். அனுப்பிவிட்டேன்.

மச்சினன்


செப்டம்பர் 22

மாப்பிள்ளைக்கு,

முடிவைப் பார்த்திருப்பாய். ரேடியோ சத்தத்தைக் குறைத்ததற்கு எச்சரிக்கை. மற்றபடி இடது சீட்டு திரும்ப வந்துவிட்டது. உனக்கு என்ன ஆயிற்று என்று உன் அக்கா அழுதுகொண்டே சொன்னாள்.

நன்றி என்று எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. என்னுடையதை நீ எடுத்தாய், திருப்பிக் கொடுத்தாய். இதில் நன்றி எங்கே வருகிறது? கோபமும் இல்லை என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் ஓடவில்லை. நான் மேல்முறையீட்டுக்குப் போய் உட்கார்ந்தபோது அந்தக் கண்ணாடி அதிகாரி, "உங்க மச்சினனே எழுதிக் கொடுத்திருக்காரு, நல்ல பையன்" என்றார். நல்ல பையன்தான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.

அந்தப் பெண் இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். நீ போய்ப் பார்த்தாய் என்று சொன்னாள். "ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாரு, நான்தான் பேசிட்டே இருந்தேன்" என்றாள். பேசவிட்டாய் என்று கேட்டதில் ஆச்சரியமாக இருந்தது.

உன் அக்காவைப் பார்க்க வா. குட்டியும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று அவள் இன்னும் எந்தக் கதவையும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் திறக்கிறாள். நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

வருகிற நாளை முன்கூட்டிச் சொல். நான் ஃப்ளைட்டில் இருப்பேன்.

மாமா


நவம்பர் 3

மாமாவுக்கு,

அக்காவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நீங்கள் ஃப்ளைட்டில் இருந்தீர்கள். மாடியில் விளக்கு எரிந்ததைப் பற்றி நான் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது ரேடியோ பழுது பார்க்கிற கடை ஒன்றில் வேலை. டாக்சி, லாரி, காவலாளிகளின் கைரேடியோ எல்லாம் வரும். முதலாளிக்கு என்னைப் பிடித்திருக்கிறது. நான் வாடிக்கையாளர்களிடம் பேசாமல் இருக்கும்வரை.

நேற்று டவர் பேச்சும் கேட்கிற ஒரு ரேடியோவைச் சரி செய்துவிட்டு, சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் பின்பக்கம் போகிற சாலைக்குப் போனேன். வேறு இடத்திலும் சோதிக்கலாம். நேற்று காலை உங்கள் விமானம் என்று அக்கா சொல்லியிருந்தாள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் லாரிகள் நிற்கும் இடத்தில் நின்று கேட்டேன்.

டவரில் எனக்குப் பதிலாக வந்திருக்கிறவன் குரல் நன்றாக இருக்கிறது. அவசரமில்லாமல் பேசுகிறான். உங்களை ரன்வே ஓரத்தில் நிற்கச் சொன்னான். நீங்கள் எண்ணோடு திருப்பிச் சொன்னீர்கள். அவன் அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் போனான். ஏறச் சொன்னான், திருப்பிச் சொன்னீர்கள். புறப்படச் சொன்னான், திருப்பிச் சொன்னீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் ஜலதோஷம் போல இருந்தது. விமானம் என் தலைக்கு மேலே போயிற்று. வயிற்றுப் பக்கம்தான் தெரிந்தது, நீங்கள் இருக்கிற பக்கம் தெரியவில்லை. அலைவரிசை மாறச் சொன்னான். நீங்கள் விதிப்படி விடைபெற்றீர்கள்.

நான் ரேடியோவை அணைக்கவில்லை. காதோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, "என்ன தம்பி, கிரிக்கெட்டா? ஸ்கோர் என்ன?" என்று கேட்டார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன்.

டக் டக் என்று இரண்டு தட்டு வந்தது.

பின்னால் மெல்லிய கீச்சு இருந்தது. அது நீங்கள் இல்லை.

மச்சினன்